பாலத்துக்கு அளவெடுத்தவர்

"பேரை எதுக்குங்க போடறீங்க?" என்று தையல்காரர் முதல் புகார் எழுதிய அன்றைக்கு அவர் மனைவி கேட்டாள்.

"பேர் போடாம எழுதினா அது மொட்டைக் கடுதாசி."

"மொட்டையா இருந்தா என்ன? பாலத்துல வெடிப்பு இருக்கறது இருக்கறதுதானே. உங்க பேரைப் பார்த்ததும் அது ஒட்டிக்கப் போகுதா?"

"நாம ஒரு சட்டை தைச்சா காலர்ல நம்ம கடை லேபிளை வச்சுத் தைக்கறோம் இல்ல? எதுக்கு? சரியில்லேன்னா கொண்டு வந்து நம்ம மூஞ்சியில எறியட்டும்னுதானே? சொல்ற ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தான் சொல்லுக்கு மரியாதை."

"அப்படியா? அவங்க கட்டின பாலத்துல எங்கயாவது லேபிள் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

பதில் இல்லாத இடங்களில் கணவன்மார்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார்: காதில் விழாதது போல, பேரையும் முகவரியையும் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். ஏழு மாதம் கழித்து விசாரணை ஆணையத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பேச்சு அவருக்கு வார்த்தை பிசகாமல் நினைவு வந்தது.

அவருடைய கடை கால்வாய் நடைபாலத்தின் சரிவுக்கு அடியில் இருந்தது. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, தலைக்கு மேல் பால நல வாரியத்தின் கான்கிரீட். கூரை போடும் வேலை மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டதும் உண்டு. ஒருநாள் அந்தக் கூரையிலிருந்து வங்கிக் காசாளரின் வெள்ளைச் சட்டை மேல் ஒரு பிடி மணல் கொட்டியது. அண்ணாந்து பார்த்தார். பாலத்தின் அடிவயிற்றில் ஒரு கோடு. முக்காலியைப் போட்டு ஏறி, கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை வைத்து அளந்தார். இரண்டு நூல் அகலம். எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இன்ச். துணிக் கணக்கில் இரண்டு நூல் என்பது பெரிய விஷயமில்லை, சலவையிலேயே சரியாகிவிடும். பாலத்தை யார் சலவைக்குப் போடுவது?

அளந்ததை எழுதி வைக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். அளவு நோட்டில் காசாளருக்கு அடுத்த வரியில் எழுதினார்: 'பாலம், வெடிப்பு, 2 நூல்.' அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் அளந்தார். காசாளரின் இடுப்பும் பாலத்தின் வெடிப்பும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன. காசாளருக்கு ஓரத்தில் விட்டு வைத்த துணியைப் பிரித்து விடலாம். பாலத்துக்கு அப்படி எதையும் யாரும் விட்டு வைத்திருக்கவில்லை.

மூன்று நூல் ஆனதும் பால நல வாரியத்துக்கு முதல் புகார் எழுதினார். ஐந்து நூலில் இரண்டாவது. ஏழு நூலில் மூன்றாவது. மூன்றாவதை வாங்கிக்கொண்ட வாரிய எழுத்தர், மூக்குக் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் படித்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே! இப்பல்லாம் யாரு இப்படி எழுதறா?"

"அந்த வெடிப்பு சார்..."

"அதையும் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று பாராட்டி, ரசீது கொடுத்தார். ரசீதில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்திரை, எண், தேதி எல்லாம் இருந்தன.

ஒன்பது நூலில் பாலம் விழுந்தது. கடைக்கு மேலிருந்த சரிவு மட்டும் கரையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, நடுப்பாகம் கால்வாய்க்குள் போனது. பகல் பதினோரு மணி. கணவனுக்குச் சாப்பாட்டு டப்பாவும், காஜா எடுத்து முடித்த பதினோரு சட்டைகளும் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தது தையல்காரரின் மனைவி ஒருத்திதான். கால்வாய்ச் சேறு அவள் உயிரைக் காப்பாற்றியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தூக்கி வந்தபோது அவள் முதலில் சொன்னது, "காசாளர் சட்டை கீழ போயிருச்சுங்க" என்பதுதான். தையல்காரர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முறையாக நடுத்தெருவில் நின்று அழுதார்.

வாரியம் அன்று மாலையே அறிக்கை வெளியிட்டது. அதில் 'விழுந்தது' என்ற சொல்லே இல்லை. கால்வாய் நடைவசதி தன் உயரத்தை மாற்றிக்கொண்டுள்ளதாகவும், அப்போது அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு பயனாளி அந்த மாற்றத்தில் உடன் பங்கேற்றதாகவும் அது சொன்னது.

மனைவிக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு தையல்காரர் கால்வாய் ஓரமாகவே ஒரு மைல் நடந்து போனார். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாலம் இருந்தது. அதே வருடம், அதே ஒப்பந்தக்காரர், அதே லாரி மண்ணில் கட்டிய இரட்டைப் பிள்ளை. அடியில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். ஆறு நூல். பள்ளி விடுமுறையில் இருந்தது. திறக்க இன்னும் ஐந்து வாரம். திறந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் தினமும் இரண்டு தடவை அதன் மேல் நடப்பார்கள். எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். அத்தனை பேருக்கும் சீருடை தைப்பவர் அவர்தான். அதில் ஒருத்தி அவர் மகள், ஏழாம் வகுப்பு. அவளை அவர் 'நூல்கண்டு' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பாலத்தை மூடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வேண்டுகோள். ஒரு வரியில் சொல்லிவிடலாம். பாலம் விழுந்ததை விசாரிக்க அமைத்த ஆணையத்திலிருந்து சம்மன் வந்தபோது அவர் உண்மையிலேயே மகிழ்ந்துபோனார். 'பரவாயில்லையே, கூப்பிட்டுக் கேக்கறாங்களே' என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆணையத்தின் கூடத்தில் கூரை உயரமாக இருந்தது. தையல்காரர் பழக்க தோஷத்தில் முதலில் அதைத்தான் பார்த்தார். நடுவில் ஆணையத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, கழுத்துப் பட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் சுருக்கெழுத்து அம்மாள். அந்த அம்மாளின் மேசையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. முதல் சாட்சி பேச ஆரம்பித்த பிறகுதான் அது எதற்கு என்று தையல்காரருக்குப் புரிந்தது.

முதல் சாட்சி வாரியத்தின் தலைமைப் பொறியாளர்.

"பாலத்துல வெடிப்பு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாது."

அம்மாள் முத்திரையை மையில் ஒற்றி 'தெரியாது' என்று தாளில் குத்தினாள்.

"நீங்க நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

தலைமைப் பொறியாளர் எழுந்து நின்றார். குரலில் ஒரு கம்பீரம் வந்தது. "ஐயா, இந்த வாரியத்துல எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இத்தனை வருஷத்துல நான் ஒரு பாலத்தைக்கூட நேர்ல போய்ப் பார்த்ததில்லை. பெருமைக்காகச் சொல்லலை. ஒரு பாலத்தைப் பார்த்துட்டு இன்னொண்ணைப் பார்க்காம விட்டா அது பாரபட்சம். எனக்கு எல்லாப் பாலமும் ஒண்ணுதான். என் மேசைக்கு வர்ற ஃபைல்தான் எனக்குப் பாலம். அந்த ஃபைல் இன்னைக்கும் விழல, ஐயா. நீங்களே பார்க்கலாம். கெட்டியா இருக்கு."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஆணையத் தலைவர் கோப்பை வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்து, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று பதிவு செய்யச் சொன்னார்.

கோப்பின் கடைசித் தாளில் ஒன்பது கையெழுத்துகள் இருந்தன. வாரியத்தில் சான்று கொடுக்கும் முறை அது. கள ஆய்வாளர் முதலில் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவார். அவருக்கு மேலே இருப்பவர் 'கண்டதைக் கண்டேன்' என்று எழுதுவார். அவருக்கும் மேலே இருப்பவர் 'கண்டதைக் கண்டதைக் கண்டேன்' என்பார். இப்படியே ஏறி ஒன்பதாவது ஆளான தலைமைப் பொறியாளரிடம் வரும்போது, அவர் கண்டதை எழுதத் தனித்தாள் ஒட்ட வேண்டியிருந்தது. பதவி உயர உயர ஒரு மனிதர் பாலத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை அந்த வாக்கியத்தின் நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

"முதல்ல 'கண்டேன்'னு போட்ட கள ஆய்வாளர் எதைக் கண்டார்?" என்று தலைவர் கேட்டார். ஆணையத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது.

கள ஆய்வாளர் எழுந்தார். "ஒப்பந்தக்காரரோட கடிதத்தைக் கண்டேங்க. பாலம் தயார்னு அதுல போட்டிருந்தது."

ஒப்பந்தக்காரர் எழுந்தார். "வாரியம் கண்டா சரின்னுதாங்க நான் கடிதமே குடுத்தேன். நான் டெண்டர் எடுக்கறவன், ஐயா. கட்டற ஆள் இல்ல. நான் ஒருத்தர்கிட்ட விட்டேன். அவர் இன்னொருத்தர்கிட்ட விட்டாரு. அவர் மண்ணு அடிக்கறவர்கிட்ட விட்டாரு. மண்ணு அடிச்சவரு சிமெண்ட் வரும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. பாலம் எப்ப வந்துச்சுன்னு சத்தியமா யாருக்கும் தெரியாது. ஒருநாள் போய்ப் பார்த்தா நிக்குது. எங்களுக்கே ஆச்சரியம்."

அம்மாள் 'தெரியாது' குத்தினாள்.

கையெழுத்து நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஒன்பது கையெழுத்துகளையும் பூதக்கண்ணாடியில் மூன்று மணி நேரம் ஆராய்ந்து, ஒன்பதும் அசல், எதிலும் வெடிப்போ நடுக்கமோ இல்லை என்று சான்றளித்தார். அதோடு பாலத்தின் கட்டுமானம் பற்றிய விசாரணை நிறைவடைந்தது. ஒன்பது பேரும் எழுந்து ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

பிறகு தையல்காரரைக் கூப்பிட்டார்கள்.

"சம்பவத்தின்போது பாலத்து மேல இருந்தது உங்க மனைவி. சரியா?"

"ஆமாங்க ஐயா."

"அவங்க எடை எவ்வளவு?"

தையல்காரர் யோசித்தார். மனைவியின் தோள் அளவு தெரியும், கை நீளம் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இடுப்பளவு தெரியும், இப்போது இருப்பதும் தெரியும். அதை வெளியே சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். "எடை தெரியாதுங்க" என்றார்.

கூடத்தில் எல்லாருடைய முகமும் மலர்ந்தது. சுருக்கெழுத்து அம்மாள் உற்சாகமாக முத்திரையைக் குத்தினாள். தலைமைப் பொறியாளர்கூட அவரைப் பார்த்துத் தலையசைத்தார், நம்ம ஆளு என்பது போல.

அடுத்து அளவு நோட்டை எடுத்தார்கள். வாரியத்தார் கடையை ஆதாரம் என்று சொல்லிப் பூட்டி முத்திரை வைத்தபோது அதையும் எடுத்து வந்திருந்தார்கள். வாரிய எழுத்தர் உரக்கப் படித்தார்.

"வங்கிக் காசாளர், இடுப்பு நாற்பத்தி ரெண்டு. போன தடவை நாற்பது. பாலம், மூணு நூல். தபால்காரர், கால்சட்டை, வலது கால் அரை இன்ச் குட்டை. பாலம், அஞ்சு நூல். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், தொப்பைக்கு இடம் விடவும், ஆனா விட்டது தெரியக் கூடாது. பாலம், ஏழு நூல்..."

தலைவர் கையை உயர்த்தினார். "அதாவது வெடிப்பு இருந்தது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியுங்க."

அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் சொல்லாத சொல். அம்மாளின் கை முத்திரை மேலேயே நின்றுவிட்டது. அதற்கு முத்திரை கிடையாது. மேசை இழுப்பறையெல்லாம் தேடி ஒரு பேனாவைக் கண்டுபிடித்து, அந்த ஒரு சொல்லைக் கையால் எழுதினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"எட்டு மாசமாத் தெரியுங்க. மூணு தடவை எழுதிக் குடுத்தேன். ரசீது இருக்கு." ரசீதுகளை நீட்டினார். அவை தன்னைக் காப்பாற்றும் என்று அந்த நிமிடம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்.

தலைவர் ரசீதுகளை விரித்து வைத்துக்கொண்டு வருத்தத்தோடு பேசினார். "பாருங்க. வாரியத்துல மேலேருந்து கீழ வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு எழுத்து மூலமா ஆதாரம் இருக்கு. இந்த ஊர்லயே தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர். அதுக்கும் எழுத்து மூலமா ஆதாரம் இருக்கு, உங்க கையெழுத்துலயே. தெரிஞ்ச ஒருத்தர் தெரிஞ்சும் தன் மனைவியை அந்தப் பாலத்துல நடக்க விட்டிருக்கார். இதை எப்படி எடுத்துக்கறது?"

"ஐயா, சாப்பாடு எடுத்துட்டு வர வேற வழி இல்லீங்க..."

"பொறுப்புன்னா என்ன? தெரிஞ்சவனுக்குத்தானே பொறுப்பு? தெரியாதவன்கிட்ட போய்ப் பொறுப்பு கேக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

தையல்காரருக்குத் தலை சுற்றியது. சுற்றினாலும், வந்த காரியத்தை மறக்கவில்லை. "ஐயா, என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கங்க. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பள்ளிக்கூடப் பாலம்..."

"அது விழுந்துடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப அது எங்க வரம்புல வராது. விழுந்த பாலத்தை விசாரிக்கத்தான் எங்களுக்கு உத்தரவு. விழட்டும், கண்டிப்பா உங்களைக் கூப்பிட்டுக் கேக்கறோம்" என்று தலைவர் ஆறுதலாகச் சொல்லி, மதிய உணவுக்காக எழுந்துவிட்டார்.

ஆணையத்தின் அறிக்கையில் அவருக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது: 'அறிந்த நபர்.' அறிக்கை வந்த நாளிலிருந்து தெருவில் அவரைக் கண்டால் மக்கள் விலகிப் போனார்கள். பகை எதுவும் இல்லை. அவரோடு பேசி, தாங்களும் எதையாவது தெரிந்துகொண்டுவிடக் கூடாதே என்ற பயம்தான். காசாளர் அரைகுறையாகத் தைத்த கால்சட்டையோடு எதிர்ப்பக்கம் போய் நடந்தார்.

தையல்காரர் அதற்காக வேண்டுகோளை விட்டுவிடவில்லை. வாரியத்துக்குப் போனார். "புகார்னா ரசீது தர்றேன். வேண்டுகோள்னா அதுக்குத் தனிப் பிரிவு, அது இன்னும் திறக்கலை" என்றார் எழுத்தர். பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லிடாதீங்க, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றார். தானே ஒரு பலகையில் 'நடக்காதீர்' என்று எழுதிப் பாலத்தில் கட்டி வைத்தார். அனுமதி இல்லாத எடையைப் பாலத்தின் மேல் ஏற்றியதாகச் சொல்லி வாரியம் அதைக் கழற்றிக்கொண்டு போனது.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது எழுத்தரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள், முகத்தில் ஒரு சிரிப்பு.

"வாரியம் உங்களை மன்னிக்கலாம்னு பார்க்குது. பள்ளிக்கூடம் திறக்கற அன்னைக்கு அந்தப் பாலத்து மேலயே 'நம்பிக்கை நடை' வச்சிருக்கோம். அதிகாரிங்க எல்லாரும் நடக்கறாங்க, பிள்ளைங்க கொடி பிடிச்சு ரெண்டு பக்கமும் நிக்கறாங்க. நீங்க மேடையில வந்து இந்தத் தாளை மைக்ல படிச்சு, எல்லார் முன்னாலயும் கையெழுத்துப் போட்டாப் போதும். அன்னைக்கு மத்தியானமே கடையைத் திறந்து விட்டுடுவோம்."

அவர் போனதும் மனைவி, மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி, தாளை வாங்கிப் படித்தாள். எந்தப் பாலத்தைப் பற்றியும், எந்த வெடிப்பைப் பற்றியும், எந்தக் காலத்திலும் தனக்கு எதுவும் தெரியாது என்று அதில் தையல்காரர் உறுதி கூறியிருந்தார்.

"இதுல உங்க பேரைத் தவிர மத்தது எல்லாம் பொய்."

"போடவா வேணாமா, அதைச் சொல்லு."

"கடை பூட்டி ஒரு மாசமாச்சு. எனக்குக் கால் இல்ல, உங்களுக்கு மிஷின் இல்ல. போடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?" அவள் தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள். "போடுங்க. ஆனா நாளன்னைக்கு நம்ம பொண்ணு கொடி பிடிச்சுக்கிட்டு அதுல நிப்பா இல்ல, அப்ப நீங்க எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிப்பீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போடுங்க."

"இவளை அன்னைக்கு அனுப்ப வேணாம். காய்ச்சல்னு சொல்லிடலாம்."

உள்ளறையிலிருந்து நூல்கண்டு தலையை நீட்டினாள். "அப்பா, நான்தான் முன் வரிசை. எங்க கிளாஸ் முழுக்க வருது. எல்லாருக்குமா காய்ச்சல் வரும்?"

"பெரியவங்க பேசும்போது என்னடி பேச்சு?" என்று தாய் அதட்டினாள். அதட்டலில் வழக்கமான காரம் இல்லை. தையல்காரர் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழா காலை பத்து மணிக்கு. வாரிய வாகனங்கள் வரிசையாக வந்து நின்றன. தலைமைப் பொறியாளர் இறங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கால்வாயைப் பார்த்து, எழுத்தரின் காதில், "இதுல பாலம் எது?" என்று கேட்டார். எழுத்தர் மரியாதையாகச் சுட்டிக் காட்டினார். "ஓ, இவ்வளவு நீளமா!" என்று வியந்தபடி அவர் ஏறினார். பின்னாலேயே எட்டு பேர், 'கண்டேன்' முதல் வரிசைக் கிரமமாக. ஒப்பந்தக்காரர், ஆணையத் தலைவர், கையெழுத்து நிபுணர், கேமராக்காரர்கள். இரண்டு கைப்பிடிச் சுவர்களையும் ஒட்டி இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர் தைத்த சீருடையில், கையில் காகிதக் கொடி. தையல்காரரின் மனைவியைச் சக்கர நாற்காலியில் கரையோரம் உட்கார வைத்திருந்தார்கள். பயனாளியும் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று படம் எடுக்க வேண்டும்.

பாலத்தின் நடுவில் ஒரு சின்ன மேசை, ஒரு மைக். தலைமைப் பொறியாளர் பேசினார்.

"பொதுமக்களே! இந்தப் பாலம் பத்திரமானதான்னு சிலர் கேக்கறாங்க. இதுக்கும் ஒன்பது கையெழுத்து இருக்கு. விழுந்த... மன்னிக்கணும், உயரம் மாறின அந்தப் பாலத்துக்கு என்னென்ன ஆய்வு நடந்துச்சோ, அதே ஆய்வு, ஒரு எழுத்து குறையாம, இதுக்கும் நடந்திருக்கு. அதே ஆளுங்கதான் கட்டினாங்க. அதே ஆளுங்கதான் சான்று குடுத்தோம். இதைவிட வேற என்ன உத்தரவாதம் வேணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். பாலம் லேசாக அதிர்ந்தது. தையல்காரரின் உள்ளங்காலுக்கு மட்டும் அது தெரிந்தது. முப்பது வருடம் மிஷின் மிதித்த கால் அது. தலைமைப் பொறியாளரின் முகத்தைப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை. அந்த மனிதர் மனப்பூர்வமாக நம்புகிறார். நம்பாவிட்டால் ஏறியிருப்பாரா? தையல்காரருக்கு அதுவரை இருந்த கோபம் போய், அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

எழுத்தர் தங்க நிறத்தில் ஒரு பேனாவைக் கொடுத்தார். வாரியத்தின் பெயர் பொறித்தது. தையல்காரர் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, பேனாவை மேசை மேல் வைத்தார். மேசை நேராக இல்லையோ, பாலம் நேராக இல்லையோ, பேனா தானாக உருண்டது. விளிம்பு வரை போய்க் கீழே விழுந்து, தளத்தில் இருந்த வெடிப்பை ஒட்டி இன்னும் கொஞ்சம் உருண்டு, நின்று, பிறகு அதற்குள் இறங்கிக் காணாமல் போனது. சற்று நேரம் கழித்து எங்கோ கீழே 'சளக்' என்று ஒரு சத்தம்.

எட்டு நூல், என்று அவர் கண் அளந்தது. டேப் தேவைப்படவில்லை. அடியில் இருந்தது இப்போது மேல் வரைக்கும் வந்திருக்கிறது.

"பரவாயில்ல, பரவாயில்ல, வாரியத்துல பேனாவுக்குப் பஞ்சமில்ல" என்று சிரித்தபடி தலைமைப் பொறியாளர் தன் பேனாவை நீட்டினார். "முதல்ல படிங்க. 'எனக்கு எதுவும் தெரியாது'ன்னு ஆரம்பிக்கும் பாருங்க, அங்கேருந்து."

தையல்காரர் மைக்கின் முன்னால் வந்தார். நிமிர்ந்தார். வலது வரிசையில் முதல் பையன், மார்பு அளவு இருபத்தி நாலு, கை நீளம் பதினெட்டு. அவனுக்குப் பக்கத்தில் இருபத்தாறு. அதற்கடுத்து, தோள் கொஞ்சம் சரிந்தவள், அவளுக்காக ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். யாருக்கு எத்தனை வயதில் எவ்வளவு வளர்ச்சி இருக்கும் என்று கணக்குப் போட்டு, எல்லாருக்கும் ஓரத்தில் இரண்டு இன்ச் துணி மடித்து விட்டிருந்தார், அடுத்த வருடம் பிரித்து விடுவதற்கு. முன் வரிசையில் நூல்கண்டு கொடியை ஆட்டி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கத்திவிடலாம் என்று தோன்றியது. கத்தினால் ஓடுவார்கள். ஓடினால் இது தாங்காது. அடுத்த விசாரணையில் இந்தத் தடவையும் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான் என்று எழுதுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. எழுதட்டும். கரையைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது, ஊசி குத்திவிடாமல் இருக்க, 'அசையாம நில்லுங்க' என்று சொல்லும் அந்த மெதுவான குரலில் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு. இதுவரைக்கும் சொல்ல விடலை. இப்ப சொல்லிடறேன், யாரும் பயப்படாதீங்க, கை தட்டாதீங்க. கொடியெல்லாம் அப்படியே கீழ வச்சிடுங்க கண்ணுங்களா. சின்னக் கிளாஸ்லேருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொருத்தரா, ஓடாம, குதிக்காம, பக்கத்துல இருக்கற கரைக்கு நடந்து போங்க. பெரிய ஆபீசருங்க எல்லாம் தயவு செஞ்சு நின்ன இடத்துலயே நில்லுங்க. முதல்ல பிள்ளைங்க இறங்கட்டும்."